சௌந்திரம் கழுவிக் கவிழ்த்த சட்டி

சங்ககிரியில் லாரி ஆபீசுகள் இருக்கும் தெருவில், என் பஞ்சர் கடைக்கு எதிரே இட்லிக்கடை போட்டிருந்தவள் சௌந்திரம். இருபத்திரண்டு வருடம். இட்லி மெத்தென்று இருக்கும், வாய் இருக்காது. இரண்டாம் தடவை சட்னி கேட்ட டிரைவரின் பரம்பரையையே விசாரிப்பாள். கடை புறம்போக்கில் இருந்தது. ஒருதரம் எழுந்தால் மறுபடி உட்கார விடமாட்டார்கள் என்று காய்ச்சலிலும் விறகடுப்பை மூட்டிவிடுவாள்.

போன தை மாதம் சாக்கடைக் குழாய்க்காக அவள் வாசலில் தோண்டினார்கள். ஆளுயர ஆழத்தில் பழைய செங்கல் சுவர், பானை ஓடுகள், மூன்று கருத்த கற்கள். கல்லைக் கண்டால் சும்மா இருப்போமா நாங்கள்? கன்னிமார் சாமி என்று முடிவுகட்டி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டோம். மஞ்சள் கரைத்தவன் நான்தான். சாமி பார்க்க வந்த கூட்டமெல்லாம் அவளிடம்தான் தின்றது. கற்களை முதல் நாளே உற்றுப் பார்த்த சௌந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாய் மூடி நான் கண்டது அந்த ஒரு வாரம்தான்.

எட்டாம் நாள் தொல்லியல் அதிகாரி ஜெயப்பிரியா வந்தார். எழுநூறு, எண்ணூறு வருடத்துக் குடியிருப்பு, கடைக்கு அடியிலும் தோண்ட வேண்டும் என்றார். சாமி இருக்கிற இடத்தில் கடப்பாரை விழாது என்று நாங்கள் குதித்தோம். அவர் சண்டைக்கு நிற்காமல், கற்களுக்கு நடுவே கிடந்த அரைப்பானையைச் சௌந்திரத்திடம் நீட்டி, உள்ளே ஒட்டியிருப்பது என்ன என்று கேட்டார்.

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அவளால் அடக்க முடியவில்லை.

"அடிப்பிடிச்ச சோறுங்க. இது சாமியுமில்ல பூதமுமில்ல, அடுப்பு. பானையக்கூட எறக்காம போயிருக்கா பாருங்க. எவனோ எந்திரிச்சுப் போடீன்னு தொரத்தியிருக்கான்."

சொல்லிவிட்டு அழுதாள். உன் சோற்றில் நீயே மண்ணைப் போட்டுக்கொண்டாயே என்று கத்தினேன். அழுகையோடே என் பரம்பரையை விசாரித்தாள்.

கடையைக் காலிசெய்யப் பத்து நாள் தவணை கொடுத்தார்கள். கடைசி நாள் பதினோரு மணிக்கே அடுப்பில் தண்ணீர் தெளித்தாள். ஓட்டை விழுந்த பழைய இட்லிச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அடுப்பின்மேல் கவிழ்த்தாள். சுற்றிலும் சாணி போட்டு மெழுகினாள். இடிக்கப்போகிற அடுப்புக்கு இதெல்லாம் எதற்கு என்றேன்.

"நாளைக்கு எவளாச்சும் தோண்டிப் பாத்தா, போட்டது போட்டபடி ஓடிட்டான்னு என்னையச் சொல்லக்கூடாதுங்ணா."

அவள் தெருமுனை திரும்பியதும் ஒரு குடம் தண்ணீரோடு குழியில் இறங்கினேன். அந்த மூன்று கற்களின் மஞ்சளைக் கழுவிவிட்டவனும் நான்தான்.