மீற்றர் பெட்டிச் சாவி

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை அறைகளான லயத்தை விட்டுத் தனிவீட்டுக்கு வந்ததிலிருந்து அங்கம்மாவுக்குப் பக்கத்து வீட்டுத் தவமணி மேல் சந்தேகம். விளக்கெல்லாம் அணைத்தாலும் மீற்றர் சுற்றுகிறதே, அவள்தான் கரண்ட் திருடுகிறாள் என்று மீற்றர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டாள்.

மறுநாள் கொழுந்து மலையில் மடியைத் தடவியவள் திடுக்கிட்டாள். வேலைக்குப் போகையில் பக்கத்தில் சாவி கொடுக்கும் லயத்துப் பழக்கத்தில், மீற்றர் பெட்டிச் சாவியும் கோத்திருந்த சாவிக்கொத்தைத் தவமணியிடமே கொடுத்திருந்தாள்.

மத்தியானம் ஓடி வந்தவளிடம் தவமணி சொன்னாள்: “மழை ஒழுகுதான்னு பாக்கப் போனேங்க்கா. குசினிச் சுவத்துல ஒயரு நனைஞ்சு கரண்ட் கசியுது. மெயின் சுவிட்ச அணைச்சுட்டுப் பெட்டியத் தொறந்து பாத்தேன், மீற்றர் நின்னுருச்சு. கரண்ட் ஆள் வந்து பாக்காம சுவிட்சப் போட்டுறாதீங்க.”

அடுப்படிச் சுவர் ஈரமாகத்தான் இருந்தது. ஆனாலும் பூட்டிய பெட்டியை இவள் ஏன் திறந்தாள்?

மறுநாளும் வீட்டுச் சாவியைத் தவமணியிடமே கொடுத்தாள். மீற்றர் பெட்டிச் சாவியை மட்டும் கழற்றி மடியில் செருகிக்கொண்டாள்.