காலர் அக்கா படித்த நாடகம்

பொய் வரும் இடத்தில் நீலக் கோடு. பொய் என்று தெரிந்தும் ஒருவர் வாயைத் திறக்காமல் நிற்கும் இடத்தில் சிவப்புக் கோடு. துணியில் குறி வைக்கும் சாக்குக்கட்டியால் காலர் அக்கா தன் பாடப் புத்தகத்தில் இப்படிக் கோடு போட்டுக்கொண்டே போகிறார். பேனாவைத் தொடமாட்டார். "பேனாவுல போட்டா நின்னுடும் டீச்சர். இது உதறுனா போயிடும். நான் நெனச்சது தப்புன்னா உதறிக்கலாம்ல" என்பார். நாடகத்தின் மூன்றாம் அங்கம் முடியும்போது நீலக்கட்டி பாதி மிச்சம் இருந்தது. சிவப்பு தீர்ந்துவிட்டிருந்தது.

வயது நாற்பத்து நான்கு. ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடங்களாகக் காலர் மட்டும் தைத்தவர். பெயர் அப்படி வந்ததுதான். முழுச் சட்டை ஒன்றை அவர் தைத்ததே இல்லை. கேட்டால், "இந்த ஊர் ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் கழுத்து என் கையில இருக்கு, அது போதாதா?" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார். தடித்த புத்தகம் சாப்பாட்டுப் பைக்குள் நுழையவில்லை என்று அதை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலை மிஷினிலேயே முதுகில் தையல் ஓட்டி வைத்திருக்கிறார். அச்சகத்துக்காரன் பார்த்தால் வெட்கப்படுவான், அவ்வளவு நேரான தையல்.

ஒரு தொடக்கப் பள்ளிக்கூடத்தில் விடுமுறை நாட்களில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்புக்கு வகுப்பு நடக்கிறது. 'உலக நாடகங்கள்' என்ற தாளை நான் நடத்துகிறேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்கும் என்று காலர் அக்கா பக்கவாட்டில் திரும்பி, கால்களை நடைபாதையில் நீட்டித்தான் உட்காருவார். பட்டம் இருந்தால் சூப்பர்வைசர் வேலைக்கு மனுப் போடலாம் என்று தொழிற்சாலையில் அறிவிப்பு ஒட்டியிருந்ததாம். விண்ணப்பத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தவர் அவர் கணவர், ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுபவர்.

தாளில் ஒரு பழைய நாடகம் உண்டு, மொழிபெயர்ப்பில். சில நூற்றாண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்றூரில் பெண்பிள்ளைகள் சிலருக்கு இனம் தெரியாத நோய் காண்கிறது. சூனியம் என்கிறார்கள். வைத்தது யார் என்கிறார்கள். ஒரு பெயர் வருகிறது, பிறகு இன்னொன்று, பிறகு பாதி ஊரே. நீதிமன்றம் கூடுகிறது. ஆமாம் என்று ஒப்புக்கொண்டால் உயிர், இல்லை என்றால் கயிறு. காலர் அக்கா இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது கணவர் கேட்டுவிட்டு, "நானும்தான் தினம் நூறு பேரை மேல அனுப்புறேன். திரும்பக் கீழயும் கொண்டாந்து விட்டுடுறேன்" என்றாராம். அந்த மனிதரின் நகைச்சுவை அந்த ரகம்.

பதினோரு வருடங்களாக இதை மூன்றே வகுப்பில் முடிப்பது என் வழக்கம். நாடகத்தில் வரும் கூட்டு வெறிக்குக் காரணம் என்ன என்ற கேள்வி பத்து மதிப்பெண்ணுக்கு நிச்சயம் வரும். விடை நோட்ஸில் இருக்கிறது: மக்களின் அறியாமை, மூடநம்பிக்கை, அக்காலச் சூழல். அன்றும் அதைத்தான் சொல்லி எழுதவைத்தேன். எல்லோரும் எழுதினார்கள். காலர் அக்கா எழுதவில்லை.

"அறியாமைன்னு நான் எழுத மாட்டேன் டீச்சர்."

ஏன் என்றேன்.

"அந்த ஊர்ல ஒருத்தருக்குக்கூடவா தெரியாம இருந்துச்சு?"

பின்பெஞ்சில் சிரித்தார்கள். நேரம் ஆகிறது என்று நான் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

அவர் சொல்லாமல் விட்டதை, அதற்கடுத்த வாரங்களில், இடைவேளைத் தேநீரை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவருடைய தையல் ஹாலில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அது வேறு யாருமில்லை, அதே ஹாலில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும் அவருடைய சொந்தத் தங்கை. மறுநாள் நான்கு பேர் விழுந்தார்கள். வாரம் முடிவதற்குள் முப்பது பேர். மருத்துவர் வந்து இரத்தத்தைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று போனார். சட்டையில் கறை எடுக்கும் திரவத்தின் நெடி ஹாலில் கண்ணைக் கரித்துக்கொண்டிருந்தது. நெடியை வெளியே தள்ளவேண்டிய பெரிய ஃபேன்கள் ஒரு மாதமாக ஓடவில்லை. இது மிஷினில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கை அக்காவிடம் சொன்னதும் அதுதான்: "மூச்சு முட்டுச்சுக்கா."

பணியாளர் பிரிவு அதிகாரி கட்டிலுக்கு வந்தார். மூச்சைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "விழறதுக்கு முன்னாடி யாராவது உன்னைப் பாத்தாங்களா?" என்று கேட்டார். தங்கை யோசித்தாள். செக்கர் அம்மா பார்த்தார் என்றாள்.

பார்க்காமல் என்ன செய்வார்? பார்ப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம். ஹாலின் கோடியில் விளக்கடியில் உட்கார்ந்து, வரும் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேறாததைத் திருப்பி அனுப்பும் வேலை அவருடையது. திருப்பி அனுப்புகிறவர் யாருக்கும் வேண்டியவர் ஆகமாட்டார். போதாததற்கு அவர் வாய் எப்போதும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுகிற முணுமுணுப்பு அது. காலர் அக்காவுக்கு அப்படி எண்ணக் கற்றுக்கொடுத்தவரே அந்த அம்மாதான். ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவர்கள். ஆனால் அந்த வாரம் அது மந்திரமாகிவிட்டது. யார் சட்டையைத் திருப்பினாரோ அவர்கள்தான் விழுகிறார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். திருப்பி வந்த சட்டையைப் பிரித்துத் தைக்கச் சாப்பாட்டு நேரத்திலும் அந்த நெடிக்குள்ளேயே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள் என்பதைச் சொல்ல ஒரு நாக்கும் எழவில்லை.

நாலே நாளில் ஒரு கடிதம் தயாரானது. அந்த அம்மாவோடு ஒரே ஹாலில் வேலை செய்யப் பயமாக இருக்கிறது என்று, பிழையில்லாமல் டைப் அடித்த கடிதம். மயக்கம் போட்டு விழுந்த பெண்களுக்கு டைப் அடிக்க எங்கே நேரம் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். யோசித்து நின்றவர்களை, உனக்கும் அவளுக்கும் என்ன உறவு என்று கேட்டார்கள்.

"எண்பத்தேழாவது நான்" என்றார் காலர் அக்கா. தங்கையைப் பொய்க்காரி ஆக்க மனம் வரவில்லை என்று ஒரு காரணம் சொன்னார். சற்றுக் கழித்து அதை அவரே தள்ளிவிட்டார். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், நானும் நம்பிப் பாத்தேன் டீச்சர். நம்புறது எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா? ஆபீசர் மேல கோவப்பட வேணாம். வேலை போயிடுமோன்னு பயப்பட வேணாம். ஒரு பொம்பளையப் பாத்துப் பயந்தா போதும்."

செக்கர் அம்மாவை வெளியே அனுப்பினார்கள். அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து சட்டை வாங்குகிறவர்கள் ஆலையைப் பார்க்க வருவதாக இருந்தது. அவசர அவசரமாக ஃபேன்களைப் பழுதுபார்த்தார்கள். மயக்கம் நின்றது. எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். பார்த்தீர்களா, அவள் போனாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று ஹாலே பேசியிருக்கிறது. தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசியிருக்கிறது. நான்கு ஃபேன்களைச் சரிசெய்வதைவிட ஒரு மனுஷியைச் சூனியக்காரி ஆக்குவது அந்த நிர்வாகத்துக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதற்குப் பெயர் அறியாமை என்றுதான் நான் பதினோரு வருடங்களாக எழுதவைத்திருக்கிறேன்.

மாதிரித் தேர்வு வந்தது. காலர் அக்கா பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தார். நாடகம் அரைப் பக்கம், மீதி அவர்களுடைய ஹால். 'எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எல்லோரும் கையெழுத்திட்டோம்' என்று முடித்திருந்தார். திருத்துபவருக்குக் கொடுத்த விடைக்குறிப்பில் இதில் ஒரு வரிகூட இல்லை. நான் இரண்டு போட்டேன். ஆமாம், கதையெல்லாம் கேட்ட பிறகு, தேநீரெல்லாம் குடித்த பிறகு, விடைக்குறிப்பைப் பார்த்து இரண்டு போட்டேன்.

தாளை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "எது தப்புன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். மார்க்க மாத்த வேணாம்."

தப்பில்லை, குறிப்பில் இல்லை என்றேன்.

"நாடகத்துல வர்ற ஜட்ஜும் இதைத்தான சொன்னாரு" என்றார். எனக்குக் காது சூடேறியது.

அந்தத் தாளை அவர் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. நேராகச் செக்கர் அம்மாவின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். இப்போது ஒரு சலவைக் கடையில் துணிகளுக்கு எண் எழுதிக் கட்டும் வேலை அந்த அம்மாவுக்கு. முதல் இரண்டு தடவை அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் தடவை திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நிற்கவைத்து மூன்று பக்கத்தையும் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"எல்லாரும்னு எழுதியிருக்க. எல்லாரும்னா யாரு? நீ போட்டியா, இல்லையா?"

போட்டேன் என்றிருக்கிறார் இவர்.

"அப்ப அதை எழுது. எனக்கு உன் மன்னிப்பு வேணாம். எங்க போட்டியோ அங்க போய்ச் சொல்லு."

கதவு சாத்தப்பட்டது. அந்த அம்மாமேல் வருத்தமா என்று பிறகு கேட்டேன். "அவங்க பேசுனதே எனக்குப் பெருசு" என்றார் காலர் அக்கா.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே அதிகாரியின் அறைக்குப் போனார். நான் போட்ட கையெழுத்து பொய், எழுதித் தருகிறேன், அந்தக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, முடிந்துபோனதை எதற்குக் கிளறுகிறீர்கள், சூப்பர்வைசர் ஆகப்போகிறவர் இப்படிப் பேசலாமா, உடம்பு ஏதும் சரியில்லையா என்று கனிவாக விசாரித்தாராம். அந்தக் கனிவைச் சொல்லும்போதுதான் காலர் அக்காவின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. அதிகாரி தாளை வாங்கமாட்டேன் என்றதும், அதை ஹாலுக்கு எடுத்துவந்து, மிஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பு எழுந்து நின்று வாசித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது அவர் காலர் தைப்பதில்லை. தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுக்கும் வேலை அது. சாப்பாட்டு நேரத்தில் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. அவள் ஆவி இவள்மேல் இறங்கிவிட்டது என்று ஒரு பேச்சு. செக்கர் அம்மா உயிரோடுதான் இருக்கிறார், சலவைக் கடையில் எண் எழுதுகிறார் என்பது அந்தப் பேச்சுக்கு ஒரு தடையாகவே இல்லை. தங்கை அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். என்னை ஊர் முன்னால் நிறுத்திவிட்டாயே என்று ஒரே ஒரு தடவை அழுதாளாம். "அவ பேரைச் சொல்லவே இல்ல டீச்சர் நான். என் பேரை மட்டும்தான் சொன்னேன். ஆனா யார் வாயில ஆரம்பிச்சதுன்னு அவளுக்குத் தெரியுமே" என்றார். தங்கையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்க்கிறார்.

இத்தனைக்கும் நடுவே மூன்று பெண்கள், தனித்தனியாக, கழிப்பறைப் பக்கம் வந்து, நீங்கள் சொன்னது சரிதான் என்று காதோடு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவருக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை, எரிச்சல்தான். சரி என்று சொல்லக் கழிப்பறைதான் கிடைத்ததா என்கிறார்.

ஆண்டுத் தேர்வு போன மாதம் நடந்தது. அந்த அறைக்கு நான்தான் கண்காணிப்பாளர். தொடங்கும் முன்பு விதிகளை வாசித்தேன்: விடைத்தாளின் உட்பக்கங்களில் எங்கும் எழுதுபவரின் பெயர் இருக்கக் கூடாது, இருந்தால் அந்தத் தாள் செல்லாது, அடுத்த வருடம்தான் மறுபடி எழுதலாம். எதிர்பார்த்த பத்து மதிப்பெண் கேள்வி வந்திருந்தது. காலர் அக்கா வழக்கம்போலக் கால்களை நடைபாதையில் நீட்டி உட்கார்ந்து எழுதினார். இரண்டு முறை கூடுதல் தாள் கேட்டு வாங்கினார்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் பக்கம் போனேன். கடைசிப் பக்கத்தில் இருந்தார். 'இது பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவள்' என்று எழுதி, அதற்குக் கீழே தன் பெயரை, முதலெழுத்தோடு, முழுதாக எழுதிக்கொண்டிருந்தார். நான் நின்றுவிட்டேன். விதி எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார். நின்ற இடத்திலிருந்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பேனாவை மூடி வைத்துவிட்டு, விடைத்தாளை இரண்டு கையாலும் பிடித்து, நான் படிப்பதற்கு வாகாக என் பக்கம் திருப்பி வைத்தார்.