சிப்பாய் பொம்மையின் முழங்கால்

பழைய பொம்மைகளைச் சேகரிப்பவர்களின் முகநூல் குழுவில் இன்று என் மகனின் சிப்பாய் பொம்மைப் படத்தைப் போட்டேன். அதிராம்பட்டினத்து நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

“ஒரு கீறல்கூட இல்லையே சார், எப்படி வச்சிருந்தீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

அலமாரியில் பூட்டித்தான் வைத்திருந்தேன். பையனை விளையாட விட்டதே இல்லை. உறுத்தியது. சென்னையிலிருக்கும் அவனை அழைத்து, “தப்புப் பண்ணிட்டேன்டா” என்றேன்.

சிரித்தான். “சாவி பஞ்சாங்கத்துக்குள்ளதானேப்பா இருக்கும். நீங்க டியூஷன் எடுக்கப் போனதும் எடுத்துருவேன். நாத்தங்கால் சேத்துலதான் சண்டையெல்லாம். முட்டியை மடக்கிப் பாருங்க.”

மடக்கினேன். காய்ந்த சேறு பொடியாக உதிர்ந்தது.

அதைத் துடைக்க மனம் வரவில்லை.

உங்கள் அலமாரிச் சாவியும் பத்திரமாக இருப்பதாக நினைத்தால், எதற்கும் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.