டிசைன் ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். ஆரணியில் ஒரு பட்டுச் சேலை வியாபாரியின் கிடங்குக்கு மேல்மாடியில் நானும் என் கல்லூரித் தோழியும் கம்ப்யூட்டர் வேலை பார்த்தோம். இருவரும் நெசவு வீட்டுப் பெண்கள்; சென்னைக்கு அனுப்ப இரண்டு வீட்டிலும் மனசில்லை. ஜன்னலைத் திறந்தால் சாய வாடை, மூடினால் சர்வரின் சூடு. வாடையே தேவலை என்று திறந்தே வைத்திருப்போம்.

முதலாளிக்கு ஓர் ஆசை. சேலை டிசைன்களைக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்தார். டிசைன் எண்ணைத் தட்டினால், எந்த நிறத்தில் எவ்வளவு பட்டு, எவ்வளவு ஜரிகை என்று உடனே தெரிய வேண்டும். படத்தைத் திறந்து கணக்குப் போடும் புரோகிராமை நான் எழுதினேன். அது டேட்டாபேஸ் சர்வருக்குள்ளேயே ஓட வேண்டும். சர்வரில் ஏற்றியதும் 'அனுமதி இல்லை' என்று சிவப்பு எழுத்தில் மறுத்துவிட்டது. டேட்டாபேஸுக்கு வெளியே இருக்கும் டிசைன் ஃபைலைத் தொட அது விடவில்லை.

"எல்லா பர்மிஷனும் குடுத்துடுடி. ஜல்தியா முடிஞ்சிடும்," என்றேன், சர்வரைப் பார்த்துக்கொண்ட தோழியிடம்.

"குடுத்தா, உள்ள வர்ற எந்த புரோகிராமும் எத வேணா அழிக்கும்."

"யாரு வந்து அழிக்கப் போறாங்க? இருக்கறதே நாம ரெண்டு பேரு."

அவள் டிசைன்களை நகலெடுத்து, சும்மா கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டாள். அதில் எல்லா அனுமதியும் கொடுத்தாள். நாலு வரியில் ஏதோ எழுதி, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினாள். மயில் டிசைன் அழிந்து போனது. மாங்காய் போனது. கோபுரக்கரை எல்லாம் போய் ஃபோல்டர் வெறுமையாக நின்றது. நகல்தான் என்று தெரிந்தும், மூல டிசைன்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.

அப்புறம் நாள்கணக்கில் சர்வரின் கையேட்டை இருவரும் மாற்றி மாற்றிப் படித்தோம். சர்வர் ஓடுவதற்கென்று தனி யூசர் ஒன்றை உருவாக்கினோம். டிசைன் ஃபோல்டரைப் படிக்க மட்டும் அதற்கு உரிமை, எழுதவோ அழிக்கவோ முடியாது. என் புரோகிராமுக்கு, அது எங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து போட்டு, அந்தக் கையெழுத்து இருந்தால்தான் வெளி ஃபைலைத் தொடலாம் என்று வைத்தோம். கரண்ட் போனால் படியில் உட்கார்ந்து கடலை தின்போம். அத்தனை நிம்மதியாக நான் வேறெங்கும் வேலை செய்ததில்லை.

முதலாளி ஏறி வந்தார். "இன்னாம்மா, இன்னும் படிச்சிகினேவா இருக்கீங்க?"

"முடிஞ்சிடுச்சுங்க," என்று ஒரு முகூர்த்தச் சேலையின் எண்ணைத் தட்டினேன். கணக்கு வந்து நின்றது. அவர் முகம் மலர்வதற்குள் தோழி, அன்று எல்லாவற்றையும் அழித்த அதே நாலு வரியை ஓட்டினாள். சிவப்பு எழுத்து வந்தது.

"ஐயய்யோ, எர்ரர் வருதே!"

"வரணும்ங்க. அழிக்க வந்தவன வாசல்லயே நிறுத்திடுச்சு," என்றாள் தோழி.

அவர் திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீழே குரல் கொடுத்து, மூன்று ரோஸ்மில்க் வரவழைத்தார்.

தோழி கல்யாணமாகி புனே போனாள். நான் சென்னைக்கு வந்துவிட்டேன். சில வருஷம் கழித்து முதலாளி போன் செய்தார்.

"புது சர்வர் போடறோம்மா. வந்த பசங்க எல்லாத்தையும் தொறந்து வுட்டுடலாமான்னு கேக்கறாங்க. நான் கூடாதுன்னுட்டேன். ஏன்னு மட்டும் எனக்கு சொல்லத் தெரியல. நீ கொஞ்சம் பேசு."

பேசினேன். பேசி முடித்த கையோடு புனேவுக்குப் போன் போட்டேன்.