அண்ணன் முடிக்காமல் விட்ட குடும்ப மெம்பர் திட்டம்

சொந்தங்களுக்கும், அண்ணனோடு பழகிய நண்பர்களுக்கும் தங்கை செல்வியின் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி அண்ணன் மனைவியான என் மதினி என்னிடம் கேட்டார். "நீதான் வாய் ஓயாமப் பேசுறவ, நீயே எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேசுவது வேறு, எழுதுவது வேறு என்று இப்போதுதான் தெரிகிறது. அண்ணன் வாழ்ந்த வாழ்க்கை எனக்குத் தெரியும். கடைசியாக அவர் மனத்தில் என்ன வைத்திருந்தார் என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை. குழப்பத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் போடிநாயக்கனூரில் பிறந்தார். குரங்கணிக்கு மேலே சரிவில் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம். அப்பா காலமானபோது அண்ணன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை அப்படியே போட்டுவிட்டு மலை ஏறினார். என்னைப் படிக்க வைத்து, தேவாரத்தில் கட்டிக்கொடுத்தது அவர்தான். மழை விடாமல் பெய்த ஒரு வருடம் செடியெல்லாம் தூரோடு அழுகிப் போயிற்று. அந்த வருடம்கூட அவர் வாய்விட்டுப் புலம்பி நான் கேட்டதில்லை. சாயங்காலம் கீழே இறங்கி வந்தால் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஷட்டில் ஆடப் போய்விடுவார். திறந்த மைதானம். நம் ஊரில் காற்றுக்கா பஞ்சம்? இவர் ஒரு பக்கம் அடித்தால் பந்து இன்னொரு பக்கம் போகும். அதையும் சிரித்துக்கொண்டேதான் ஆடுவார்.

அவரிடம் இருந்த நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றுதான். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் "செஞ்சிருவோம்" என்பார். மதினி இதற்காக அவரைத் திட்டாத நாள் கிடையாது.

வீட்டுக்குப் பின்தெருவில் எங்கள் ஏலக்காய்க் குடோன் காலியானபோது, அதை ஷட்டில் கிளப் ஆக்கப்போகிறேன் என்றார். மரத்தளம் போட்டார், விளக்குப் போட்டார், சுவருக்கு வெளிர்பச்சை அடித்தார். கட்டட வேலை வெரசா முடிந்துவிட்டது. மெம்பர் திட்டம்தான் முடியவில்லை. திறப்பதற்கு முன்னால் அதைச் சரியாகப் போட்டுவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மற்ற ஊர்களில் மாதச் சந்தா வைக்கிறார்கள், சுலபமாக முடிந்துவிடுகிறது. நம் ஊரில் அது நடக்காது. காய் எடுப்பு வந்தால் ஆட்கள் மலைக்குப் போய்விடுவார்கள். ஒரு சுற்றுப் பறித்து, காயவைத்து, லோடு ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் இறங்குவார்கள். மாதக் காசைக் கட்டிவிட்டுப் பாதி நாள் மேலே கிடக்கிறவன் அடுத்த மாதம் கட்டுவானா? இதற்கு அண்ணன் கண்டுபிடித்த வழிதான் குடும்ப மெம்பர். ஒரு குடும்பத்துக்கு ஒரு சந்தா. "ஒருத்தன் மேல போனா ஒருத்தன் கீழ இருப்பான்லத்தா. கோர்ட்டும் சும்மா கெடக்காது, கட்டுன காசும் வீணாப் போகாது" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தார்.

சரிதான். ஆனால் குடும்பம் என்றால் யார் யார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், காய் ஏலம் போகிற இடத்தில் என்று பார்த்தவர்களிடமெல்லாம் "குடும்பத்தோட வாங்க" என்று மட்டும் சொல்லிவைத்தார். நம் ஊரில் போய் அப்படிச் சொல்லலாமா? விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் சும்மா ஆடச் சொன்னார். எங்கள் மாமா ஒருவர் ஜீப்பு நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். மகன், மருமகன், மருமகனுக்குத் தம்பி, சம்பந்தி, சம்பந்திக்கு அக்கா மகன்.

"இவுகள்லாம் யாரு மாமா?" என்று கேட்டேன்.

"என்னத்தா இப்பிடிக் கேட்டுட்ட? எல்லாம் நம்ம குடும்பந்தான்" என்றார். முகம் சுண்டிப்போய்விட்டது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எல்லாருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போய் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டும் அவருக்கு இதே சோலிதான்.

"ஏத்தா, ஒரே அடுப்புல சாப்புடுறவுக ஒரு குடும்பம்னு வச்சுக்குவமா?"

"வச்சுக்கண்ணே."

"அப்ப மேல தோட்டத்துல தனியாப் பொங்கித் திங்கிறவன்? அவன் அந்தக் குடும்பத்துல இல்லையா?"

"அவனையும் சேத்துக்க."

"ஒரே வீட்டுல மாமியாளுக்கு ஒரு அடுப்பு, மருமகளுக்கு ஒரு அடுப்புன்னு இருக்காகளே, அதுக்கு என்ன செய்ய?"

"நீ மொதல்ல மாத்திரையப் போடுண்ணே" என்றேன்.

மறுநாள் அடுப்பு வேண்டாம் என்றார். ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள் எல்லாம் ஒரு குடும்பம் என்றார். அப்படி வைத்தால் பாதிப் போடி உள்ளே வந்துவிடும் என்றேன். "வரட்டுமே" என்றார். எனக்குச் சுருக்கென்று ஒரு கேள்வி வந்தது. "கட்டிக்கொடுத்துட்ட பொண்ணு எந்தக் குடும்பம்ணே? நான் எதுல?" என்று கேட்டுவிட்டேன். "ஒனக்கென்னத்தா, ஒனக்குச் செஞ்சிருவோம்" என்றார். எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை. சொல்லாமலே போய்விட்டார்.

கருமாதி வீட்டிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. ஒருவர் வந்து, தன்னையும் தன் பங்காளிகளையும் ஒரே குடும்பமாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்று அண்ணன் சொன்னதாகச் சொன்னார். இன்னொருவர், பங்காளி கிடையாது, மாமன் மச்சான் மட்டும்தான் என்று அண்ணன் தன் கையைப் பிடித்துச் சொன்னதாகச் சொன்னார். ஜீப்பு ஓட்டும் தம்பிகள், ஒரே ஸ்டாண்டில் நிற்பதால் தங்களை ஒரு குடும்பமாக வைத்துக்கொள்வதாக அண்ணன் வாக்குக் கொடுத்தார் என்றார்கள். இதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் தலைவலி. அண்ணனை எனக்குத் தெரியாதா? எல்லாரிடமும் சொல்லித்தான் இருப்பார்.

இதற்கு நடுவில் ஒரு வியாபாரி குடோனை வாடகைக்குக் கேட்டு வந்தார். மூட்டை அடுக்க இடம் வேண்டுமாம். மதினி அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. மதினிக்கு வயதுக்கு வந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது. "ஊருக்கெல்லாம் வாக்குக் குடுத்துட்டுப் போயிட்டாரு. வருசாந்தரத்துக்குள்ள எல்லாரும் ஒரு பேச்சுக்கு வந்தா கிளப்பு. இல்லைன்னா மூட்டை" என்று சொல்லிவிட்டார். மூட்டை வந்தால் மரத்தளத்தைப் பெயர்த்துவிடுவார்கள். அண்ணன் கடைசியாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் குடோனில் கூட்டம் போட்டோம். வந்தவர்கள் கோர்ட்டுக் கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அண்ணன் சொன்னதை ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இத்தனை பேரிடம் இத்தனை விதமாகப் பேசிய மனிதர் உள்ளுக்குள் எதைத்தான் நினைத்தார்? மதினியின் தம்பி சேகர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அவர்தான் எழுந்து நின்று விசிலடித்து எல்லாரையும் உட்கார வைத்தார். "இப்பிடிப் பேசுனா விடியாது. ரேஷன் கார்டைக் கொண்டாங்க. கார்டுல பேரு இருக்கவுக குடும்பம், இல்லாதவுக விருந்தாளி" என்றார்.

கூட்டம் அடங்கிவிட்டது. கார்டுப்படி பார்த்தால் எல்லாருக்கும் ஏதோ ஒரு சொந்தத்தின் பேர் விட்டுப்போகிறது, அதனால் யாரும் யாரையும் கேட்க முடியவில்லை. எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப எங்க அண்ணன் குடோனுக்குள்ள நான் விருந்தாளியாய்யா?" என்று கத்தினேன். "ஒங்க பேரு தேவாரம் கார்டுலதான இருக்கு?" என்றார் சேகர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, இந்த மலரிலேயே எழுதிவைக்கிறேன்.

சரி, முதலில் யார் சேருவது என்று கேட்டதும் ஒருவரும் அசையவில்லை. முடிந்தது, மூட்டைதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதுவரை வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்த மதினி எழும்பாத குரலில் "இருங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். கார்டோடு திரும்பி வந்து தம்பி கையில் கொடுத்தார்.

சேகர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனா ஓடவில்லை. "அக்கா, மாமா பேரை இன்னும் எடுக்கலையா?" என்று கேட்டார்.

"எடுக்கலை."

"எடுத்துரணும்லக்கா."

"எடுக்கப் போனேன். க்யூவுல நின்னுட்டு, என் முறை வந்ததும் திரும்பி வந்துட்டேன்" என்றார் மதினி. "கார்டுல பேரு இருந்தாக் குடும்பம்னு இப்பத்தான நீ சொன்ன? இருக்கிறதை எழுது."

சேகர் எழுதினார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அண்ணன் பேர், அதற்குக் கீழே மதினி, பிள்ளைகள். எங்கள் கிளப்பின் முதல் மெம்பர் அண்ணன்தான். ஜீப்பு நிறைய ஆள் கொண்டுவந்த அந்த மாமா முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கார்டை எடுத்துவர முதல் ஆளாக எழுந்து போனார். அதன்பின் யாரும் சண்டை போடவில்லை. வியாபாரிக்கு மதினியே ஆள் விட்டு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்.

இதைத்தான் அண்ணன் நினைத்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செய்தது சரியா தப்பா என்றும் தெரியாது. சர்க்கார் விதிப்படி தப்பாகத்தான் இருக்கும்.

மதுரையில் அண்ணனைத் தாங்கள் பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கேட்காமலே வந்து ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், மலையிலிருந்து சொந்தங்களை ஏற்றி இறக்கிக் காசு வாங்க மறுத்த ஜீப்பு ஸ்டாண்டுக்காரர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறாக்கிக் கொண்டுவந்த பின்தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று சாயங்காலம் கிளப்பைத் திறக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் மறக்காமல் ரேஷன் கார்டைக் கொண்டு வாருங்கள். அதில் எடுக்க மனம் வராமல் யார் பேரையாவது விட்டு வைத்திருந்தால் கூச்சப்பட வேண்டாம். அப்படியே எழுதிக்கொள்வோம்.