கெட்ட முட்டைகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருபத்தொரு வருடமாகத் தவளை முட்டைகளைப் பிரித்தெடுப்பவர் முட்டை அக்கா. கடுகளவு முட்டை. அதை ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை நொதிக் கரைசலில் ஊறவைத்து நீக்க வேண்டும். அக்கா தொட்டு ஒரு முட்டை உடைந்து யாரும் பார்த்ததில்லை. எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அவர் பெயரையும் யாரும் பார்த்ததில்லை.

எங்கள் பேராசிரியருக்கு நான் வைத்த பெயர் மடைக்காரர். உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வில் புரதத்தாலான நுண்துளைகள் உண்டு. வயல் மடை மாதிரி, சில தண்ணீரை விடும், சில உப்பை விடும். அவர் ஆராய்ச்சி அவற்றில்தான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான், வயலுக்கு மடை திறந்து வளர்ந்தவன். இந்தப் பாடம் எனக்கு ஒரே நாளில் புரிந்தது. டவுனில் வளர்ந்த என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு பருவம் பிடித்தது.

சிறுநீரகத்தில் புதிதாகத் தண்ணீர் மடை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக மடைக்காரர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருந்தார். இனி கால் வீக்கம் தீரும், மூளை வீக்கம் தீரும், வறட்சியில் பயிர்கூடப் பிழைக்கும். அந்தப் பேட்டியில் தீராமல் போனது பேட்டி எடுத்தவரின் ஜலதோஷம் மட்டும்தான்.

சோதனை எளிது. தவளை முட்டைக்குள் தண்ணீர் லேசில் போகாது. அந்தப் புரதத்தைச் செய்யும் மரபுச் செய்தியை முட்டைக்குள் ஊசியால் ஏற்றி, இரண்டு நாள் கழித்து உப்புக் குறைந்த நீரில் போட வேண்டும். மடை இருந்தால் முட்டை உப்பி வெடிக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீர் ஏற்றிய முட்டைகளும் பக்கத்தில் இருக்கும். அவை வெடிக்கக் கூடாது.

வெடித்தன. மடைக்காரர் அவற்றுக்குக் "கெட்ட முட்டை" என்று பெயர் வைத்துக் கொட்டச் சொன்னார். செய்தி ஏற்றியும் வெடிக்காத முட்டைகள் "ஊசி சரியா இறங்கல" என்று கொட்டப்பட்டன. மிச்சமிருந்த முட்டைகள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. கொட்டியது, கழுவியது எல்லாம் அக்கா.

"அவசரம் அவசரம்னு முன்னாடியே நொதியில ஊறப் போடச் சொல்றாரு தம்பி, ஊசி போடுறவங்க வர்ற வரைக்கும் அதுலயே கிடக்குது. ரெண்டு மணி நேரம் ஊற வேண்டியது நாலு மணி நேரம் ஊறுது. அப்புறம் எந்த முட்டைதான் தாங்கும்?" என்றார் என்னிடம்.

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'அம்மா, நீங்க முட்டையப் பாருங்க, அறிவியல நான் பாத்துக்கறேன்'னாரு."

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதப்போகும் கட்டுரையில் நான்காவதாக அக்காவின் பெயரைப் போடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா அதை வீட்டில் சொல்லிவிட்டார். "முட்டை கழுவுறதுக்கு வேலைன்னு பேரா?" என்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார் அந்தக் கேள்வியை விட்டிருந்தார். அக்காவின் மகள் பள்ளியில் அம்மாவின் தொழில் 'விஞ்ஞானி' என்று எழுதிவிட்டாள்.

நிதி கொடுக்கும் குழு பார்வையிட வந்த அன்று, அக்கா தட்டுகளின் அடியில் சீட்டு ஒட்டி, மேலே எண் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். எதில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எது எது என்று தெரியாமல் மடைக்காரரால் இனி எதையும் 'கெட்ட முட்டை' என்று கொட்ட முடியாது.

"அக்கா, உங்க பேரு போயிடும்."

"பேரு போட்ட பிறகு இந்தக் கட்டுரை பொய்னு உடைஞ்சா, அதையும் நான்தானே தம்பி கழுவணும்?"

விருந்தாளிகள் முன்னால் மடைக்காரர் எண்களைப் பார்த்து முகம் சுளித்தார். குழுத் தலைவியோ, "அட, யாருக்கும் தெரியாம வச்சிருக்கீங்களா? இப்படித்தான் செய்யணும்" என்று பாராட்டினார். மடைக்காரரும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. உப்புக் குறைந்த நீரை ஊற்றிய நாலாவது நிமிடம் மூன்றாம் தட்டில் முட்டைகள் படபடவென்று வெடித்தன.

"பாத்தீங்களா! மடை திறந்துடுச்சு!"

அக்கா தட்டைத் தூக்கி அடிச்சீட்டைப் படித்தார். "வெறும் தண்ணி சார்."

"மாத்தி ஒட்டிட்டீங்கம்மா."

"இருபத்தொரு வருஷத்துல ஒரு நாளாவது மாத்தி ஒட்டியிருக்கேனா சார்?" குரல் உயரவில்லை. "ஊற வச்சது அதிகமாயிடுச்சு. மூணு மாசமா சொல்றேன்."

மடைக்காரரின் பதிலுக்குக் காத்திராமல் நான்காம் தட்டும் வெடித்தது. அதிலும் வெறும் தண்ணீர்தான்.

குழுவின் உத்தரவுப்படி, இரண்டு மணி நேரம் மட்டும் ஊறவைத்து, எண் மட்டும் எழுதி, நானும் அக்காவும் எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். எந்த முட்டையும் வெடிக்கவில்லை. அந்தப் புரதம் தண்ணீரை விடுவதே இல்லை. அதையே கட்டுரையாக எழுதினோம். பத்திரிகைக்காரர் யாரும் வரவில்லை. இந்தக் கட்டுரையில் யார் பெயர் எங்கே என்று மடைக்காரர் கவலைப்படவில்லை. "நீங்களே போட்டுக்கங்கப்பா" என்று விட்டுவிட்டார். என் பெயர் முதலில், அக்காவின் பெயர் இரண்டாவது.

அச்சான பக்கத்தை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனார். மாமியார் கண்ணாடியைப் போட்டு, பெயரை விரலால் தடவிப் பார்த்தாராம்.

"என்னடி கண்டுபிடிச்ச?"

"இது தண்ணிய விடாதுன்னு கண்டுபிடிச்சேன் அத்தை."

"விடாததைக் கண்டுபிடிக்கவா இருபத்தொரு வருஷம்?"

"விடுதுன்னு மூணு மாசத்துல ஒருத்தர் கண்டுபிடிச்சாரு அத்தை. அதைக் கழுவத்தான் இவ்வளவு நாளாச்சு."