முதுகில் விழுந்த தட்டு

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். பல வருஷமாக எனக்கு இருமல். காலையில் எழுந்ததும் தொடங்கினால், கெட்டிச் சளி வெளியே வராமல் ஓயாது. பனிதான் காரணம் என்றார் ஒருவர். தேயிலைத் தூசி என்றார் இன்னொருவர். மாமியார் ஊருக்கு வந்தபோதெல்லாம் என் சட்டைப்பையில் பீடி இருக்கிறதா என்று மோந்து பார்த்தார்.

ஒரு நாள் சளியில் ரத்தக் கீற்று தெரிந்தது. மனைவி கையோடு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அவர் நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சின்ன வயசுல பெருசா ஏதாச்சும் காய்ச்சல் வந்துச்சுங்களா?”

“தட்டம்மை வந்து, அதுவே நிமோனியா ஆயிருச்சுன்னு அம்மா சொல்லுவாங்க.”

“அதுலதான் ஆரம்பிச்சிருக்கணும்.”

அந்த நிமோனியா மூச்சுக்குழாய்ச் சுவரைப் புண்ணாக்கி, குழாய் விரிந்து தொளதொளத்துவிட்டதாம். நல்ல குழாய் சளியை மேலே தள்ளிவிடும். என்னுடையது தேக்கி வைத்துக்கொள்கிறது. தேங்கிய சளியில் கிருமி குடியேறும், சுவர் இன்னும் கெடும், குழாய் இன்னும் விரியும். காசநோய்க்குப் பிறகும் இது வரலாம், சிலருக்குக் காரணமே தெரியாது என்றார். பெயர் ப்ராங்கியெக்டாசிஸ். சொல்லிப் பார்த்தேன், பாதியிலேயே இருமல் வந்துவிட்டது.

“விரிஞ்சது சுருங்காதுங்க. சளியைத் தங்க விடாம பாத்துக்கலாம்” என்று மருந்து எழுதினார். சளி இளகி வெளியே வர, கையைக் கிண்ணம்போலக் குவித்து முதுகில் தட்டவும் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் காலை நான் ஒருக்களித்துப் படுத்தேன். அவள் தட்டத் தொடங்கினாள். எங்கள் லைன் வீடுகளின் சுவர் மெல்லிசு. டப் டப் என்ற சத்தம், நடுவில் என் முனகல், அதற்கு மேல் அவள் குரல்: “இப்பவாச்சும் வெளிய வருதா இல்லையா?”

கதவு தடதடத்தது. பக்கத்து வீட்டம்மா.

“அக்கா, அண்ணன் என்ன தப்பு பண்ணியிருந்தாலும் போதுமுங்க, உட்ருங்க!”

“தப்பெல்லாம் இல்லீங்க, சளி.”

“சளி புடிச்சதுக்கா இந்த அடி?”

நான் எழுந்து விளக்குவதற்குள் இருமல் வந்தது, சளியும் வந்தது. அந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “அட, வேலை செய்யுதே!” என்றார்.

இப்போது இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. போன வாரம் மனைவி ஊருக்குப் போயிருந்தபோது அந்தம்மாவின் கணவர் தட்ட வந்தார். பல வருஷம் அவருடைய காலைத் தூக்கத்தைக் கெடுத்தவன் நான். கொஞ்சம் உற்சாகமாகவே தட்டினார். “மெதுவா தட்டுங்க” என்று அந்தம்மா வாசலிலிருந்து அதட்ட வேண்டியிருந்தது.